நால்வழிச் சாலையும் ஒரு லேடீஸ் சைக்கிளும்

சைக்கிளை உருட்டிக்கொண்டு நெடுஞ்சாலையோரம் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைத் தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் வட்டாரத்தில் எந்த மாலையிலும் பார்க்கலாம். ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கை சீட்டில். கேரியரில் புத்தகப் பை. முகம் மட்டும் வலப்பக்கம் திரும்பியே இருக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி நோக்கி வரும் வண்டிகளுக்கு நடுவே கொஞ்சம் சந்து கிடைக்குமா என்று கண் தேடிக்கொண்டிருக்கும். ஒரு லாரி, அதன் பின்னால் ஒரு கார், அந்தக் காரை முந்தும் இன்னொரு கார், பெங்களூரு பேருந்து. அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண், முன்னால் எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொள்கிறாள். மறுபடி காத்திருக்கிறாள். கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி, நடுத்திட்டில் ஏறி நிற்கிறாள். பாதிச் சாலைதான் தாண்டியிருக்கிறாள். இப்போது முகம் இடப்பக்கம் திரும்புகிறது.

இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு ஒரு கணக்குப் போட்டேன். நால்வழிச் சாலையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம், தடத்துக்கு மூன்றரை மீட்டர். ஓரத்துத் தார் விளிம்பையும் சேர்த்தால் எட்டரை மீட்டர் அளவு வரும். புத்தகப் பையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் பிள்ளைக்கு இதைத் தாண்ட ஏழெட்டு நொடி ஆகும். நால்வழிச் சாலையில் கார்களுக்கான உச்ச வேகத்தை மணிக்கு 100 கிலோமீட்டராக 2018-இல் மத்திய அரசு உயர்த்தியது. அந்த வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 28 மீட்டர் ஓடும். எட்டு நொடியில் 220 மீட்டருக்கு மேல். அதாவது 200 மீட்டருக்கு அப்பால், தீப்பெட்டி அளவில் தெரிகிற காரை நம்பித்தான் அவள் காலை எடுத்து வைக்க வேண்டும். அந்தக் கார் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று அவ்வளவு தூரத்திலிருந்து கணிக்கப் பெரியவர்களாலேயே முடியாது. பதினாறு வயதுப் பிள்ளையிடம் இந்தக் கணக்கைத் தினம் இரண்டு வேளை ஒப்படைத்திருக்கிறோம்.

அந்தச் சைக்கிளைக் கொடுத்தது அரசு. அந்தச் சாலையைப் போட்டதும் அரசு. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தன. சைக்கிள் கொடுத்தவர்களும் சாலை போட்டவர்களும் இந்தப் பிள்ளையைப் பற்றி உட்கார்ந்து பேசியதற்கான அடையாளம் எதையும் சாலையில் நான் காணவில்லை. இந்தக் கட்டுரை எழுதக் காரணம் அதுதான்.

குரங்கு பெடலில் தொடங்கியது

ஆபத்தைப் பற்றிப் பேசுமுன் ஆனந்தத்தைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாதவர்கள்தான் 'இவ்வளவு ஆபத்து என்றால் ஏன் சைக்கிளில் போக வேண்டும், பேருந்தில் போகலாமே' என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள்.

நான் சைக்கிள் கற்றது பாலக்கோடு பக்கத்தில் ஒரு சிற்றூரில். வாடகைக் கடையில் மணிக்கணக்கில் எடுப்போம். கடைக்காரர் பெயரையும் எடுத்த நேரத்தையும் பழைய நோட்டில் குறித்துக்கொள்வார். சீட்டுக்குக் கால் எட்டாத வயதில் பாருக்குக் கீழே ஒரு காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து அடிக்கும் குரங்கு பெடல்தான் எங்கள் அரிச்சுவடி. 2024-இல் அதே பெயரில் கமலக்கண்ணன் இயக்கிய படம் வந்தபோது, ராசி அழகப்பனின் சிறுகதையைத் தழுவிய அந்தக் கதையைவிடப் படத்தின் பெயரே என்னைத் திரையரங்குக்கு இழுத்தது. முட்டியில் இன்னும் இரண்டு தழும்பு இருக்கிறது. பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த அண்ணன் எப்போதோ கையை விட்டுவிட்டார் என்று திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொண்ட அந்த நொடியைப் போல ஒரு நொடி அதன்பின் என் வாழ்வில் அதிகம் வரவில்லை.

சைக்கிளில் போகும்போதுதான் ஊர் தெரியும். மார்கழிப் பனியில் முகம் மரத்துப்போகக் காரிமங்கலத்துக்கு வரும்போது, மலைக்கோயில் குன்று முதலில் கறுப்பாகத் தெரிந்து, பிறகு பழுப்பாகி, வெயில் ஏறியதும் பாறை பாறையாகப் பிரிந்து தெரியும். சாமந்தித் தோட்டத்தைத் தாண்டும்போது ஒரு வாசனை, மாந்தோப்பைத் தாண்டும்போது ஒரு குளிர்ச்சி. எதிரே வருகிறவரிடம் இறங்காமலே இரண்டு வார்த்தை பேசலாம். அனுமந்தபுரம், பெரியாம்பட்டி, மாட்லாம்பட்டி, கும்பாரஹள்ளி, பேகாரஹள்ளி என்று தமிழும் கன்னடமும் கலந்த பெயர்களோடு சுற்றிலும் சிற்றூர்கள். அந்த ஊர்களுக்குள் போகிற தார்ச்சாலைகளில் இன்றைக்கும் காலை ஏழு மணிக்குச் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

செவ்வாய்க்கிழமை காரிமங்கலத்தில் சந்தை. ஆடு, மாடு, தேங்காய் என்று சுற்று வட்டாரமே அன்றைக்கு இங்கே கூடும். வேன்களும் மினி லாரிகளும் வந்துவிட்ட பிறகும் சந்தை வழியில் சைக்கிள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் தேங்காய்ப் பை தொங்க, கேரியரில் சாக்கு மூட்டையோடு ஏறாமல் உருட்டியே போகிற பெரியவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்குச் சைக்கிள் என்பது இரண்டு சக்கரம் வைத்த சுமைதாங்கி.

உடம்புக் கணக்கிலும் இதற்கு ஈடு கிடையாது. ஒரு கிலோமீட்டர் நடக்க நாம் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் அதே தூரத்தைச் சைக்கிளில் கடந்துவிடலாம். காலையில் குடித்த கூழே பெட்ரோல். 1949-இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை தொடங்கி ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் கிராமம் கிராமமாகப் பரவியபோது, கால்நடையாகப் போகும் தூரத்துக்குள் அடைந்து கிடந்த உழைப்பாளியின் உலகம் நான்கைந்து மடங்கு விரிந்தது. வேலை கேட்டுப் போகும் தூரம் கூடியது. பெண் எடுக்கும் தூரம்கூடக் கூடியது.

பெண்கள் ஏறிய கதை

ஆனால் அந்த உலகம் வெகுகாலம் ஆண்களுக்கு மட்டுமே விரிந்தது. தமிழ்நாட்டில் அந்தக் கதையை மாற்றிய ஊர் புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவுப் பாடத்தோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் வீட்டைவிட்டு வெளியே போகவும் வேண்டும், அதற்கு யாரையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பது அதன் பின்னிருந்த எண்ணம். விவசாயக் கூலிகள், கல் குவாரியில் உடைப்பவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதைப் பதிவு செய்தபோது ஒரு விவரத்தைக் கவனித்து எழுதினார்: லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போனது. முன்னால் பார் இருந்தால் குழந்தையை அதில் உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா.

அடுத்த படியை அரசே எடுத்து வைத்தது. மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு 2001-ஆம் ஆண்டு வாக்கில் தமிழக அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. நான்கைந்து ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியர் எல்லோருக்கும் அது விரிவானது. ஆட்சிகள் மாறியும் திட்டம் நிற்கவில்லை. பள்ளி மைதானத்தில் வரிசையாக நிற்கும் ஒரே நிறச் சைக்கிள்களை இன்று தமிழ்நாட்டில் பார்க்காதவர் இருக்க முடியாது.

தர்மபுரி மாவட்டத்துக்கு இதன் பொருள் மற்ற மாவட்டங்களைவிட ஆழமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் இதுதான், 68.5 விழுக்காடு. பிறந்த பெண் சிசுவை உயிரோடு விடாத கொடுமைக்காக ஒரு காலத்தில் நாடெங்கும் பெயர் அடிபட்ட மாவட்டம். குழந்தைத் திருமணங்களைத் தடுக்க அதிகாரிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மாவட்டம். இங்கே ஒரு பெண் பத்தாம் வகுப்போடு நிற்காமல் பதினொன்றுக்குப் போகிறாள் என்றால், அவள் திருமணம் தள்ளிப்போகிறது என்று அர்த்தம். காரிமங்கலத்தில் அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. பள்ளியைத் தாண்டிவிட்டால் பட்டப்படிப்பும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

சைக்கிளால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குப் பீகாரிலிருந்து பதில் இருக்கிறது. 2006-இல் அந்த மாநிலம் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அந்தத் திட்டத்தை ஆராய்ந்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 விழுக்காடு கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது என்று கண்டார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

மூன்று கிலோமீட்டர். காரிமங்கலத்தைச் சுற்றியுள்ள எத்தனையோ ஊர்களுக்கு அந்த மூன்று கிலோமீட்டரின் நடுவில் தேசிய நெடுஞ்சாலை கிடக்கிறது.

ஊரைப் பிளந்த சாலை

காஷ்மீரின் ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை இது. பழையவர்களுக்கு இன்னும் என்.ஹெச்.7 என்றால்தான் தெரியும். இரண்டு வண்டி எதிரும் புதிருமாகப் போகிற அளவுக்கு இருந்து, ஓரத்தில் புளியமரங்கள் கூடாரம் கட்டிய காலத்தில் இந்தச் சாலையும் ஊரின் தெருக்களில் ஒன்றாக இருந்தது. மாட்டு வண்டி போகும், சைக்கிள் போகும், லாரியும் அவற்றின் பின்னால் பொறுமையாக வரும். நால்வழியானதும் பெங்களூருக்கும் சேலத்துக்கும் இடையில் நேரம் மிச்சமானது உண்மை. தக்காளியும் மாங்காயும் பூவும் வாடாமல் பெங்களூரு போய்ச் சேருகின்றன, அதனால் இந்த மாவட்டத்து விவசாயி பயனடைந்தார், அதுவும் உண்மை. ஆனால் ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் நிலமுமாக வாழ்ந்தவர்களுக்கு நடுவில் யாரும் கேட்காமல் ஓர் ஆறு வந்து விழுந்தது. மேம்பாலமோ சுரங்கப் பாதையோ உள்ள இடங்களில் கடக்கலாம். இல்லாத இடங்களில் நடுத்திட்டில் ஏறித்தான் இறங்க வேண்டும்.

சைக்கிள்காரர் எதிர்த்திசையில் வருகிறார் என்று கார் ஓட்டுபவர்கள் கோபப்படுகிறார்கள். நானும் கோபப்பட்டிருக்கிறேன். அவர் நிலையில் நின்று பார்த்தபின் அந்தக் கோபம் போய்விட்டது. அவர் வீடு கண்ணுக்கெதிரே இருநூறு மீட்டரில் இருக்கிறது. முறைப்படி போக வேண்டுமானால் நடுத்திட்டு திறக்கும் இடம்வரை நேரே மிதித்து, அங்கே கடந்து, மறுபக்கத்தில் அதே தூரம் திரும்பி, மீண்டும் ஒருமுறை கடக்க வேண்டும். மூட்டையோடு, வெயிலில், அறுபது வயதில். அவர் ஓரமாக எதிர்த்திசையில் போய்விடலாம் என்று முடிவெடுக்கிறார். அந்த முடிவு அவர் உயிரைப் பறிக்கக்கூடும். ஒரே திசையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளை நெருங்குவது 65-இல். எதிரெதிராக வந்தால் 95. அவருக்கு இது தெரியாமல் இல்லை. சாலையை வரைந்தபோது அவருடைய தினசரிப் பயணத்தை யாரும் வரைபடத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

வேகத்தைப் பற்றி இன்னொரு விஷயம். நல்ல தார்ச்சாலையில், நல்ல பிரேக்கோடு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட இடத்திலிருந்து 30 மீட்டருக்குள் நின்றுவிடும். 100-இல் வந்தால் 80 மீட்டருக்கு மேல் வேண்டும். பாரம் ஏற்றிய லாரிக்கு இன்னும் அதிகம். மோதினால் விழும் அடியோ வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகிறது. இரும்புக் கூட்டுக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் காயத்தில் முடியலாம். சைக்கிளில் இருப்பவருக்குக் கவசம் என்று சட்டைதான் இருக்கிறது.

இந்த மாவட்டத்தின் சாலை விபத்து என்றால் எல்லோருக்கும் தொப்பூர் கணவாய்தான் நினைவுக்கு வரும். இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழக்கும் லாரிகள், அடுக்கடுக்காக நொறுங்கும் கார்கள். அந்த விபத்துகள் தலைப்புச் செய்தியாகின்றன, அதனால் அங்கே மாற்றுப் பாதை வேண்டும் என்ற குரலும் எழுகிறது. எழ வேண்டியதுதான். ஆனால் சைக்கிளில் போனவர் இறப்பது ஒரு சமயத்தில் ஒருவராகத்தான் நடக்கிறது. மாவட்டச் செய்திப் பக்கத்தின் மூலையில் நான்கு வரி. அந்த நான்கு வரியில் அநேகமாக 'அடையாளம் தெரியாத வாகனம்' என்ற சொற்றொடர் இருக்கும். இறந்தவரின் வயது, ஊர், தொழில் எல்லாம் தெரியும். கொன்ற வண்டி மட்டும் தெரியாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ 4,800 பேர் சைக்கிளில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் இரண்டு விழுக்காடு அளவுதான். சாவுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அவற்றில்தான் நடக்கிறது.

ஓரத்துப் பள்ளமும் ஒளிராத சைக்கிளும்

நெடுஞ்சாலை மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. பாலக்கோடு சாலையும் மொரப்பூர் சாலையும் போல ஊர்களை இணைக்கும் சாலைகளில் வேறு வகை ஆபத்து. தார் மேல் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது, ஓரத்து மண் அப்படியே கிடக்கிறது. சில இடங்களில் விளிம்பு அரையடி இறக்கம். பின்னால் பேருந்து ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் அந்த விளிம்பில் இறங்க வேண்டும், இறங்கினால் சக்கரம் சறுக்கும், இறங்காவிட்டால் பேருந்து உரசும்.

எனக்கே அது நடந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மாலை ஏழு மணி இருக்கும். எதிரே வந்த வண்டியின் ஹைபீம் வெளிச்சத்தில் கண் கூசி ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் வந்த வேன் நெருங்கித் தாண்டியதில் அதன் பக்கவாட்டுக் கண்ணாடி என் வலது தோளில் அடித்தது. விளிம்பில் சரிந்து முள்ளில் விழுந்தேன். காரை எலும்பில் விரிசல். வேன் நிற்கவில்லை. வலியைவிட அதுதான் பல நாள் மனதில் உறுத்தியது. சைக்கிளைத் தூக்கி நிறுத்திக் கொடுத்தவர் எருமை ஓட்டிப்போன ஓர் அம்மா. 'வெளிச்சம் இல்லாம ஏன் கண்ணு இந்த நேரத்துல வர்றே' என்றார். என்னிடம் பதில் இல்லை.

அவர் கேட்டது சரியான கேள்வி. எங்கள் சிறுவயதில் சைக்கிள் என்றால் டைனமோ உண்டு. சக்கரத்தில் உரசிக்கொண்டு அது எழுப்பும் உர்ரென்ற சத்தத்தை வைத்தே அப்பா வருகிறார் என்று தெரிந்துகொள்வோம். விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் பிடிப்பார், டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். இன்று கடையில் வாங்கும் சாதாரண சைக்கிளில் டைனமோவும் இல்லை, விளக்கும் இல்லை. அரசு கொடுக்கும் சைக்கிளிலும் விளக்கு கிடையாது. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீடு திரும்பும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு ஒரு நிழல் அவ்வளவுதான். அவள் சீருடையும் கண்ணைப் பறிக்கிற நிறம் அல்ல.

இந்த ஆபத்துகள் தரும் பயத்தின் விளைவைப் பழைய இரும்புக் கடையில் பார்க்கலாம். இலவச சைக்கிளை விற்றுவிடுகிறார்கள் என்று குறை சொல்லிக் கேட்டிருப்பீர்கள். விற்பவர்கள் உண்டு. ஆனால் 'மெயின் ரோட்டைத் தாண்டிச் சைக்கிள்ல போக வேண்டாம், பஸ்ஸுலயே போ' என்று சொல்லும் தாயும் உண்டு. 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, மாணவர்களுக்கு எப்போதும் பாஸ் உண்டு. பேருந்து நல்லதுதான். ஆனால் அது வருகிற நேரத்துக்குத்தான் வரும். சைக்கிள் அவள் புறப்படுகிற நேரத்துக்குப் புறப்படும். அவளுக்கென்று இருந்த அந்த ஒரு சுதந்திரத்தைச் சாலை பறித்துக்கொள்கிறது என்பதுதான் என்னை வருத்துகிறது.

ஆண்களில் இன்று இங்கே சைக்கிள் மிதிப்பவர்கள் பள்ளிச் சிறுவர்களும் முதியவர்களும்தான். நடுவயதுக்காரர்கள் வெகுகாலம் முன்பே டி.வி.எஸ். எக்ஸெல் மொபெட்டுக்கு மாறிவிட்டார்கள். ஆகவே சாலையில் சைக்கிளோடு மிஞ்சியிருப்பவர்கள் வாக்கில்லாத பிள்ளைகளும் குரல் எழுப்பாத முதியவர்களும். இவர்களுக்காக யாரும் மறியல் செய்வதில்லை.

1962-இலேயே எழுதி வைத்தது

வழி தெரியாமல் நாம் தவிக்கவில்லை. இந்தியச் சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-இலேயே சைக்கிள் தடங்களுக்கான தரநிலையை வெளியிட்டது. ஒரு சாலையில் மணிக்கு 200-க்கு மேல் மோட்டார் வண்டிகள் ஓடினால், நெரிசல் நேரத்தில் மணிக்கு 100 சைக்கிள்கள் வந்தாலே அங்கே தனித்தடம் போடலாம் என்றது அது. தடத்தின் அகலம் குறைந்தது இரண்டு மீட்டர் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. பள்ளி விடும் நேரத்தில் காரிமங்கலத்தின் ஏதாவது ஒரு முனையில் நின்று சைக்கிள்களை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை எட்டுகிற இடத்தில் அந்த விதியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். அறுபது ஆண்டுகளாக விதி காத்திருக்கிறது.

நெதர்லாந்து சைக்கிள் நாடு என்று நாம் வியக்கிறோம். அது பிறவியிலேயே அப்படி இருந்ததில்லை. 1971-இல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள், அவர்களில் நானூறுக்கு மேல் குழந்தைகள். பள்ளிக்குச் சைக்கிளில் போன தன் மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹோஃப் 'குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்ற தலைப்பில் 1972-இல் எழுதிய கட்டுரை ஓர் இயக்கத்துக்கே பெயரானது. தாய்மார்கள் சாலைகளில் இறங்கி உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் இன்று நாம் படத்தில் பார்க்கும் தடங்கள் வந்தன. அவர்கள் சைக்கிளை விட்டுவிடச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை, சாலையை மாற்றச் சொல்லிக் கேட்டார்கள்.

காரிமங்கலத்துக்கு ஆம்ஸ்டர்டாம் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடங்களில் சைக்கிளை உருட்டிப் போகும் சரிவோடு ஒரு சுரங்கப் பாதை. ஊர் தொடங்குமுன்பே வேகத்தைக் குறைக்க வைக்கும் அமைப்பு, பள்ளி நேரத்தில் ஒரு காவலர். சர்வீஸ் ரோடுகளில் நிறுத்தி வைத்திருக்கும் லாரிகளை அகற்றினால் அதுவே ஒரு சைக்கிள் தடம். ஊர்ச்சாலைகளில் தார் போடும் ஒப்பந்தத்திலேயே ஓரத்து மண்ணைச் சமன் செய்வதையும் சேர்க்க வேண்டும். அரசு கொடுக்கும் சைக்கிளோடு முன்விளக்கு ஒன்றும் பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் சேர்த்துக் கொடுக்க எவ்வளவு ஆகிவிடும்? சாலை வடிவமைப்பில் குறை இருந்து உயிர் போனால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்ச ரூபாய்வரை அபராதம் விதிக்க 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு இடம் தருகிறது. கிராம சபையில் தீர்மானம் போடுகிறவர்கள் அந்தப் பிரிவையும் எழுதிப் போடலாம்.

அடிபட்டவர் குடும்பங்கள் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சாலை விபத்தில் காயப்பட்டவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அது செல்லும். மோதிய வண்டி அடையாளம் தெரியாமல் போனாலும் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு கேட்க மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தில் வழி உண்டு. கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் ஏராளம்.

சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளே, பின் மட்கார்டில் சிவப்பு ஒளிர்பட்டை ஒன்றை இன்றே ஒட்டிக்கொள்ளுங்கள். லாரியின் இடப்பக்கம் ஒட்டிப் போகாதீர்கள், அங்கே இருப்பவர் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிய மாட்டார்.

பெங்களூரிலிருந்து சேலத்துக்கோ மதுரைக்கோ இந்த வழியாகப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கிருஷ்ணகிரி தாண்டி ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் காரிமங்கலம் என்ற பெயர்ப்பலகை வரும். மாலை நான்கரை மணிக்கு அதைப் பார்த்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். உங்களுக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாது. சாலையோரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வலப்பக்கம் பார்த்து நின்றுகொண்டிருப்பாள். அவள் கடக்கட்டும்.